கங்கைக் கரை ராஃப்டிங் முகாம்: ஆற்றில் இருப்பதைவிடக் கரையில் கவனம் வேண்டும்

ரிஷிகேஷ் பக்கம் ராஃப்டிங் முகாமுக்குப் போகலாமா என்று யாராவது பேச்செடுத்தால், எல்லோருடைய பயமும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. ராஃப்ட் என்கிற அந்தக் காற்றடைத்த ரப்பர் படகு கவிழ்ந்தால் என்ன செய்வது? நியாயமான கேள்வி, அதற்குக் கீழே பதில் சொல்கிறேன். ஆனால் நான்கு தடவை போய்வந்த பிறகு என் பயம் இடம் மாறிவிட்டது. ஆற்றில் இருக்கிற இரண்டு மூன்று மணி நேரமும் தலையில் ஹெல்மெட் இருக்கிறது, உடம்பில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, பின்னால் உட்கார்ந்து ராஃப்டைத் திருப்புகிற கைடு நம் எட்டுப் பேரையும் எண்ணிக்கொண்டே வருகிறார். முகாமுக்குத் திரும்பி, ஈர ஜாக்கெட்டைக் கொடியில் போட்டுவிட்டு, டீ டம்ளரோடு தண்ணீர் ஓரத்தில் போய் நிற்கிறோமே, அந்த நேரத்தில் நம்மை எண்ணுவதற்கு ஆள் இல்லை. அதனால் இதில் கரையைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

நான் தாமிரபரணியில் நீச்சல் கற்றவன். சின்ன வயதிலிருந்து குறுக்குத்துறைப் படித்துறையில் குதித்துக் குளித்தவன். முதல் தடவை, ரிஷிகேஷுக்கு மேலே இருக்கிற சிவ்புரியைத் தாண்டி ஒரு மணல் திட்டில் இறங்கியபோது, நமக்குத் தெரியாத ஆறா என்று இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்துவிட்டேன். மார்ச் மாதம், மேலே வெயில் சுள்ளென்று அடிக்கிறது, தண்ணீரோ மலையில் பனி உருகி வந்தது. இடுப்பு நனைந்ததுமே மூச்சு நெஞ்சில் அடைத்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து காற்றை இழுக்க வேண்டியதாகிவிட்டது. குளிர்ந்த தண்ணீரில் அந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் பேச்சைக் கேட்காது. அப்போது தலையும் தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் குளிர் ஆறுகளில் மூழ்கிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கிணற்று நீச்சலோ ஆற்று நீச்சலோ, கற்ற நீச்சலை ஊரிலேயே விட்டுவிட்டு, அங்கே நீச்சல் தெரியாத ஆள் மாதிரியே நடந்துகொள்ளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்

செப்டம்பர் கடைசியிலிருந்து ஜூன் வரைதான் இங்கே ராஃப்டிங் நடக்கும். ஜூலை, ஆகஸ்ட் மழை மாதங்களில் மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் யாராவது 'நாங்கள் கூட்டிப்போகிறோம்' என்றால் போகாதீர்கள். பிள்ளைகளுக்குக் குறைந்தது 14 வயது ஆகியிருக்க வேண்டும். 'உயரமாத்தானே இருக்கான், ஏத்திக்கலாம்' என்று ஏஜெண்ட் சொன்னாலும் நாம் சம்மதிக்கக்கூடாது.

போனிலேயே கேட்டுவிட வேண்டியவை சில உண்டு. கைடுக்கு அரசு உரிமம் இருக்கிறதா, கூடவே மீட்புக் கயாக் (விழுந்தவரைக் காப்பாற்ற வருகிற சின்னப் படகு) வருமா, எறிகயிறும் (பைக்குள் வைத்து, விழுந்தவரிடம் வீசுகிற கயிறு) முதலுதவிப் பெட்டியும் ராஃப்டில் இருக்குமா, ஒரு ராஃப்டில் எத்தனை பேர் ஏற்றுவார்கள், எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறார்கள். கடைசிக் கேள்வி முக்கியம். சிவ்புரியிலிருந்து ரிஷிகேஷ் வரை 16 கிலோமீட்டர் போல வரும், அதில் ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்று பெயர் வைத்த கொந்தளிப்புகள் இருக்கின்றன, முதல் தடவை வருகிறவர்களுக்கு அதுவே தாராளம். பிரம்மபுரியிலிருந்து தொடங்கினால் இன்னும் குறைவு, பயந்த சுபாவம் உள்ளவர்கள் அங்கே தொடங்கலாம். மேலே கௌடியாலாவிலிருந்து வருவது வேறு கணக்கு. வழியில் ப்யாசி பக்கம் 'தி வால்' என்று ஒன்று இருக்கிறது, ஆறே சுவர் மாதிரி எழுந்து நிற்கும், பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடக்கூடாது. இந்தக் கொந்தளிப்புகளை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஒன்று என்றால் சலசலப்பு, ஆறு என்றால் உயிரைப் பணயம் வைப்பது. மூன்றுக்கு மேல் என்றால் உங்கள் குழுவில் எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு எல்லோரும் தலையாட்டுவார்கள்.

உடம்பு விஷயத்தில் மறைக்காதீர்கள். இதயக் கோளாறு, வலிப்பு, ஆஸ்துமா, கர்ப்பம், முன்பு ஒருமுறை தோள்பட்டை இறங்கிய அனுபவம், எதுவாக இருந்தாலும் கைடிடம் சொல்லிவிடுங்கள். தோள்பட்டையைப் பலர் சொல்வதில்லை. துடுப்புப் போடும்போது திரும்பவும் இறங்குகிற மூட்டு அதுதான்.

ஆறு எப்படி ஏறுகிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி ஆபத்து விலகிவிடும். தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் சேர்ந்த பிறகுதான் அதற்குக் கங்கை என்று பெயர். அங்கிருந்து ரிஷிகேஷ் எழுபது கிலோமீட்டர் போல. மேலே பாகீரதியில் 260 மீட்டர் உயரத்துக்குத் தெஹ்ரி அணை, அதற்குக் கீழே கோட்டேஷ்வர் அணை, அந்தப் பக்கம் அலக்நந்தாவில் கட்வால் ஸ்ரீநகர் அருகே இன்னொரு நீர்மின் நிலையம். எல்லாம் மின்சாரம் எடுக்கிற இடங்கள். நாட்டுக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் டர்பைன்கள் ஓடும், டர்பைன் ஓடினால் தண்ணீர் வரும். ஆகவே மழையே இல்லாத மாதத்தில், வானத்தில் ஒரு மேகமும் இல்லாத நாளில்கூட ஆறு ஏறி இறங்கும்.

நமக்கு இது பழக்கமில்லாத விஷயம். மேட்டூரில் திறந்தால் செய்தித்தாளில் போட்டு, கல்லணைக்கு வந்து சேர நாள் கணக்காகும், அதற்குள் ஊரே தெரிந்துகொள்ளும். மலைக்குள் ஓடுகிற ஆற்றில் இரண்டு பக்கமும் பாறை, விரிவதற்கு இடமில்லை, வருகிற தண்ணீர் அத்தனையும் மேல்நோக்கித்தான் ஏறியாக வேண்டும். 2014 ஜூன் 8ஆம் தேதி இமாச்சலில் பியாஸ் ஆற்றில் நடந்ததைப் பலர் மறந்திருப்பீர்கள். ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் சாயங்கால நேரத்தில் ஆற்றுக்கு நடுவே பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், மேலே லார்ஜி அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். 24 மாணவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் யாரும் ராஃப்டிங் போகவில்லை, நீந்தவும் போகவில்லை. பாறையில் நின்றார்கள், அவ்வளவுதான்.

முகாமில் இறங்கியதும் நான் செய்கிற முதல் வேலை ஒரு குச்சி தேடுவது. ஒரு முழ நீளம் இருந்தால் போதும். தண்ணீர் மணலைத் தொடுகிற விளிம்பில் அதை நட்டுவைத்துவிட்டு, அதிலிருந்து கூடாரம் பக்கமாக இரண்டு அடி தள்ளி இன்னொன்று. அரைமணிக்கு ஒருதடவை எட்டிப் பார்த்தால் போதும். முதல் குச்சியின் அடி நனைந்திருந்தால் ஆறு ஏறுகிறது என்று அர்த்தம், எல்லோரும் பின்னால் வர வேண்டும். ஒரு பிப்ரவரியில் மாலை நாலரைக்கு விளிம்பில் நட்ட குச்சி ஆறேகாலுக்குத் தண்ணீருக்குள் நின்றது. முனை மட்டும் தெரிந்தது, அதில் ஒரு பைன் இலைக் கொத்து சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. ஆற்றைப் பார்த்தபடியேதான் நாங்கள் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தோம், ஏறியதை ஒருவரும் உணரவில்லை. கண்ணுக்கு முன்னால் மெதுவாக ஏறினால் கண் அதைப் பிடிக்காது. குச்சி பிடிக்கும்.

வேறு அறிகுறிகளும் இருக்கின்றன. குளிர்காலத்தில் பச்சையாக, கண்ணாடி மாதிரி ஓடுகிற தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் சுள்ளியும் நுரையும் நிறைய மிதந்துவந்தால், இவ்வளவு நேரம் வெளியே தெரிந்த ஒரு பாறை இப்போது காணாமல் போனால், ஆற்றின் சத்தம் கனத்தால், யோசிக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். எங்காவது சைரன் கேட்டாலும் அப்படியே. செருப்பையும் போனையும் தேடக்கூடாது. வந்த அன்றைக்கே வெளிச்சம் இருக்கும்போது, கூடாரத்திலிருந்து மேட்டுக்குப் போகிற வழியை ஒருதடவை நடந்து பாருங்கள். இரவில் டார்ச் வெளிச்சத்தில் முதல் தடவையாக அந்த வழியைத் தேடுகிற நிலை வரக்கூடாது.

2015ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கௌடியாலாவுக்கும் ரிஷிகேஷுக்கும் நடுவே ஆற்றங்கரை முகாம்களை நிறுத்திவைத்து, அந்த வருடக் கடைசியில் கட்டுப்பாடுகளோடு விஷயத்தை ஒழுங்குபடுத்தியது. அதனால் இப்போது பல முகாம்கள் ஆற்றை விட்டுத் தள்ளியோ மேலே மரங்களுக்கு நடுவிலோதான் இருக்கின்றன. கூடாரத்திலிருந்து கால் நீட்டினால் கங்கை என்று யாராவது விளம்பரம் செய்தால், அதை ஆசையோடு பார்க்காமல் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

அமைதியாகத் தெரிகிற தண்ணீர்

மணல் திட்டு ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று யோசித்தால் ஆபத்து எங்கே என்பதும் தெரிந்துவிடும். ஆறு வளைகிற இடத்தில் உள்பக்கமாகவோ, பெரிய பாறைக்குப் பின்னாலோ தண்ணீர் வேகம் குறைந்து, சில இடங்களில் எதிர்த்திசையில் மேல்நோக்கிச் சுற்றும். அங்கேதான் மணல் படியும். கைடுகள் அதை எடி என்பார்கள். கரையை ஒட்டிக் குளம் மாதிரித்தான் இருக்கும், குழந்தைகூட இறங்கலாம் போலிருக்கும். ஆனால் பத்தடியோ பதினைந்தடியோ தள்ளி ஒரு கோடு தெரியும், இந்தப் பக்கம் தண்ணீர் மேலே போகிறது, அந்தப் பக்கம் கீழே ஓடுகிறது, நடுவில் சின்னச் சின்னச் சுழிகள். அந்தக் கோட்டைத் தாண்டினால் நீங்கள் முகாமில் இல்லை, நடு ஆற்றில் இருக்கிறீர்கள். இன்னொன்று, மணல் தண்ணீருக்குள் சாய்வாக இறங்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். பல இடங்களில் முழங்கால் ஆழம் வரை மணல், அதற்கடுத்த அடியில் ஆளை விழுங்குகிற ஆழம். விளிம்பில் நின்றால் காலடி மணலே சரிந்துவிடும்.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். மச்சினன் தட்டுக் கழுவப் போனான். தட்டை அலசும்போது ஒரு செருப்பு காலிலிருந்து நழுவி மிதக்க ஆரம்பித்தது. எடியில் சுற்றிச் சுற்றி வந்ததால் எட்டிவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. ஒரு எட்டு வைத்தான், செருப்பு ஒரு முழம் தள்ளிப் போனது, இன்னொரு எட்டு, முழங்கால் நனைந்தது, இன்னொரு எட்டில் இடுப்பு வரை இறங்கிவிட்டான். சமையல்காரப் பையன் ஒருவன் கத்திக்கொண்டே ஓடிவந்து நீளமான மூங்கிலை நீட்டினான், அதைப் பிடித்து இவன் ஏறிவந்தான். அதற்கப்புறம் அவன் டீயைக் கையில் பிடிக்க முடியாமல் நடுங்கியதும், அக்கா அவனைத் திட்டாமல் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்ததும் இன்னும் கண்ணில் நிற்கிறது. இருநூறு ரூபாய்ச் செருப்பு. தண்ணீரில் விழுந்தது எதுவானாலும் அது ஆற்றுக்குப் போனதுதான் என்று குழுவில் எல்லோரும் முன்கூட்டியே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்: செருப்பு, பந்து, தண்ணீர்ப் புட்டி, கண்ணாடி, போன், எதுவாயினும். பந்து விளையாடுவதென்றால் கூடாரங்களுக்குப் பின்னால் விளையாடுங்கள், ஆற்றுப் பக்கம் வேண்டாம்.

அந்தப் பையன் செய்தது எவ்வளவு சரி என்று பிறகுதான் புரிந்தது. ஒருவர் தண்ணீரில் இழுபடும்போது பின்னால் குதிக்கக்கூடாது, கைகோத்துச் சங்கிலி மாதிரியும் இறங்கக்கூடாது, அப்படி இறங்கி ஒருவருக்கு நான்கு பேர் போன கதைகளை நம் ஊர் ஆறுகளிலேயே எத்தனை கேட்டிருக்கிறோம். சத்தம் போட்டுக் கைடுகளைக் கூப்பிடுங்கள், கழியோ துடுப்போ துப்பட்டாவோ நீட்டுங்கள், கயிறு இருந்தால் வீசுங்கள், மூடி போட்ட காலித் தண்ணீர்க் கேன் இருந்தால்கூட வீசுங்கள், அதைக் கட்டிக்கொண்டு மிதக்கலாம். நீட்டும்போது நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், நின்றால் உங்களையும் சேர்த்து இழுத்துவிடும்.

கால் நனைக்க ஆசையாகத்தான் இருக்கும், நனைக்கலாம். கைடிடம் எந்த இடம் என்று கேட்டு, லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கணுக்கால் வரை, வெளிச்சம் இருக்கும்போது, தனியாக இல்லாமல். குழந்தைகள் இருந்தால் ஒரு நேரத்துக்கு ஒரு பெரியவர் என்று பேர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். 'எல்லோரும் பாத்துக்கிறோம்' என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

மது விஷயத்தில் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரிஷிகேஷ் நகரத்துக்குள் மதுவும் மாமிசமும் கிடையாது என்பது பலருக்குத் தெரியும். முகாமுக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். குடித்தால் உடம்பு சூடாவது மாதிரித் தோன்றும், உண்மையில் வெப்பத்தை வேகமாக இழக்கும், தூரமும் ஆழமும் கண்ணுக்குத் தப்பாகத் தெரியும், இருட்டில் ஆறு பத்தடியில் இருக்கும். கூட வந்தவர்களில் யாராவது குடித்திருந்தால், அவரை ஆற்றுப் பக்கம் போகவிடாமல் வைத்திருப்பது அன்றைக்கு உங்கள் வேலை. மறுநாள் காலை அவர் ராஃப்டில் ஏறலாமா என்பதைக் கைடு தீர்மானிக்கட்டும்.

ராஃப்டில்

லைஃப் ஜாக்கெட் போட்டதும் பக்கத்தில் இருப்பவரைத் தோள்பட்டைப் பட்டைகள் இரண்டையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறிவந்தால் தளர்வாக இருக்கிறது, பக்கவாட்டு வார்களை இறுக்க வேண்டும். உடம்போடு இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் மூச்சுவிடச் சிரமம் இருக்கக்கூடாது. ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும், தாடை வாருக்குள் இரண்டு விரல் நுழைந்தால் போதும். பருத்தித் துணி ஈரமானால் காயாது, குளிரும், ஆகவே விளையாட்டு உடை மாதிரி மெல்லிய நைலான் உடை நல்லது. துப்பட்டா, வேட்டி, புடவை வேண்டவே வேண்டாம். பின்பக்கம் வார் உள்ள செருப்பு அல்லது பழைய கேன்வாஸ் ஷூ. மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், கயிற்றில் மாட்டினால் விரல் போய்விடும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் அதை உடைக்குள் விட்டு, மேலே ஜாக்கெட் அழுத்துகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கயிறு.

துடுப்பின் மேல்முனையில் 'டி' வடிவத்தில் ஒரு பிடி இருக்கும். அதை எந்த நேரத்திலும் உள்ளங்கை மூடியபடியே இருக்க வேண்டும். அலை அடித்து ஆட்கள் தடுமாறும்போது திறந்து கிடக்கிற அந்தப் பிடிதான் பக்கத்தில் இருப்பவர் பல்லை உடைக்கும், மூக்கை உடைக்கும். புறப்படுவதற்கு முன் கைடு கட்டளைகளைச் சொல்லித்தருவார்: ஃபார்வர்ட் (முன்னோக்கித் துடுப்புப் போடு), பேக் (பின்னோக்கிப் போடு), ஸ்டாப் (நிறுத்து), கெட் டவுன் (ராஃப்டுக்குள்ளேயே கீழே இறங்கி உட்கார்). அவர் இந்தியில் சொல்கிறார், ஆங்கிலத்தில் சொல்கிறார், உங்கள் அம்மாவுக்கோ சித்தப்பாவுக்கோ புரியவில்லை என்றால் புறப்படுவதற்கு முன்பே தமிழில் சொல்லி, கரையிலேயே இரண்டு தடவை செய்துபார்க்க வையுங்கள். அந்த நேரத்தில் போன் பார்ப்பதும் கிண்டல் அடிப்பதும் கூடாது.

விழுந்தால்? முதலில் ராஃப்டைச் சுற்றிக் கட்டியிருக்கிற கயிற்றைத் தேடுங்கள், பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்பீர்கள். ராஃப்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையையும் மேலே வைத்து ராஃப்டின் அடியைத் தள்ளித் தள்ளி ஒரே திசையில் போங்கள், இரண்டு மூன்று தள்ளலில் வெளியே வந்துவிடலாம். தள்ளிப் போய்விட்டால் மல்லாந்து படுங்கள், முகம் ஆறு போகிற திசையைப் பார்க்க வேண்டும், கால்கள் முன்னால், கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாறை வந்தால் பாதத்தால் உதைத்து விலகலாம். அலைக்கு நடுவில் பள்ளம் வரும், அப்போது மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள், அலை முகத்தில் அடிக்கும்போது வாயை மூடுங்கள்.

எக்காரணம் கொண்டும் எழுந்து நிற்காதீர்கள். இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தரை காலில் தட்டினால் நிற்கத்தான் உடம்பு சொல்லும். அடியில் உருண்டைக் கற்கள், அவற்றுக்கு நடுவில் இடுக்குகள். பாதம் ஒரு இடுக்கில் மாட்டிக்கொண்டால் பின்னாலிருந்து வருகிற தண்ணீர் உங்களை முன்பக்கமாகக் குனியவைத்து அமுக்கிவிடும், இடுப்பளவு ஆழத்தில்கூட எழ முடியாது, லைஃப் ஜாக்கெட்டும் உதவாது. உட்கார்ந்தால் பிருஷ்டம் தரையில் படுகிற அளவு ஆழம் குறைந்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும்.

எறிகயிறு வந்தால் கயிற்றைப் பிடியுங்கள், பையைப் பிடித்தால் உள்ளே இருக்கிற மீதிக் கயிறும் உருவிக்கொண்டு வந்துவிடும். கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். நெஞ்சோடு இரண்டு கையாலும் பிடித்து, கயிறு தோள்மேல் போகிற மாதிரி வைத்து மல்லாந்தே இருங்கள், இழுத்துவிடுவார்கள். விழுந்தவரை நீங்கள் ராஃப்டில் ஏற்றுவதென்றால் கையைப் பிடித்து இழுக்காமல், ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டைப் பட்டைகளையும் பிடித்து, நீங்கள் பின்னால் விழுகிற மாதிரிச் சாயுங்கள். அவர் உங்கள் மேலேயே வந்து விழுவார், அதுதான் சரி.

நடுவில் பாறையிலிருந்து குதிக்கிற இடம் வரும். வரிசையாக ஆட்கள் குதித்துக்கொண்டிருப்பார்கள், பின்னால் இருப்பவர்கள் 'குதிடா குதிடா' என்பார்கள். பயமாக இருக்கிறவரை யாரும் வற்புறுத்த வேண்டாம். நின்று யோசித்துப் பாதி மனதோடு குதிப்பவர்கள்தான் பாறைக்கு அருகிலேயே விழுகிறார்கள்.

இந்த ஆறு யாருடையது

காலையில் நீங்கள் கூடாரத்திலிருந்து எழுந்து வரும்போது, எதிர்க்கரையில் யாரோ ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று சூரியனுக்கு அர்க்கியம் விட்டுக்கொண்டிருப்பார். இன்னும் கொஞ்சம் கீழே பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். எங்காவது ஒரு சிதை எரிந்துகொண்டிருக்கும். ராஃப்ட் அவர்களைக் கடக்கும்போது கூச்சல் போடாமல், துடுப்பால் தண்ணீரை இறைக்காமல், கேமராவைத் திருப்பாமல் போவது நாம் செய்யக்கூடிய சின்ன மரியாதை. ராஃப்ட் ரிஷிகேஷை ஒட்டிய முனி கி ரேத்தி என்கிற ஊரைத் தாண்டும்போது வலதுபக்கக் கரையில் சிவானந்தர் ஆசிரமம் வரும், 1887ல் நம் பத்தமடையில் பிறந்தவர் இந்தக் கரையில் வந்து அமைத்தது. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் எனக்குத் தாமிரபரணி ஞாபகம் வந்துவிடும்.

அதே தாமிரபரணியில் பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றோடு விட்ட துணிகளை அள்ளி அள்ளி எடுக்கிறார்களே, அதைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், கங்கையில் குளித்தால் பழைய துணியை விட்டுவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சோப்பு, ஷாம்பு எதுவும் ஆற்றில் வேண்டாம். 'இயற்கை சோப்பு' என்று அட்டையில் எழுதியிருந்தாலும் வேண்டாம், அதுவும் மண்ணில் மக்குவதற்குத்தான், ஓடுகிற தண்ணீரில் இல்லை. வாளியில் எடுத்துக்கொண்டு எழுபது எண்பது தப்படி தள்ளிப் போய்க் குளியுங்கள், தட்டையும் அங்கேயே கழுவுங்கள். கழிப்பறைக்கும் அந்தத் தூரம்தான் கணக்கு, இரவில் தூக்கக் கலக்கத்தில் ஆற்றோரம் ஒதுங்குவது அசுத்தம் மட்டுமில்லை, ஆபத்தும்தான். கங்கா தீர்த்தம் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள், ஊருக்குச் செம்பில் எடுத்துப்போங்கள், தாகத்துக்கு மட்டும் முகாமில் தருகிற வடிகட்டிய தண்ணீரைக் குடியுங்கள்.

பாட்டு விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை சட்டப்படியே தடை உண்டு, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி அது. மலைப் பள்ளத்தாக்கில் சத்தம் எதிர்க்கரைக் கிராமத்துக்குப் பக்கத்து வீட்டில் போட்டது மாதிரிக் கேட்கும். அந்த வீடுகளில் விடிகாலையில் எழுந்து புல் அறுக்க மலையேறுகிற பெண்கள் தூங்குகிறார்கள், மறுநாள் உங்களை ஆற்றில் கூட்டிப்போக வேண்டிய கைடும் அங்கேதான் எங்கேயோ தூங்குகிறார். பத்து மணிக்கு முன்னாலும் பக்கத்துக் கூடாரத்தைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். சத்தம் இருந்தால் ஆற்றின் சத்தம் மாறுவதும் காதில் விழாது.

நெருப்பு மூட்டுவதை முகாம்காரர்களிடமே விட்டுவிடுங்கள். அங்கே மலையெல்லாம் சீர் பைன் மரம், கோடையில் உதிர்ந்த ஊசி இலைகள் தரையில் மெத்தை மாதிரிக் கிடக்கும், பிரூல் என்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு சிகரெட் துண்டு போதும், மலையே எரியும். மரக்கிளையை ஒடிக்காதீர்கள், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கட்டையைக்கூடக் கேட்டுவிட்டு எடுங்கள், ஊர்க்காரர்கள் அடுப்புக்கு எடுப்பது அதைத்தான். தின்பண்டத்தைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், குரங்கு காலையில் வரும், எலி இரவிலேயே வரும். காலையில் ஷூவை உதறிவிட்டுக் காலை நுழையுங்கள், தேள் உண்டு. இருட்டிய பிறகு முகாம் எல்லையைத் தாண்டித் தனியாக நடக்க வேண்டாம், சிறுத்தை நடமாடுகிற காடு அது.

சில மணல் திட்டுகளில் போன் சிக்னல் கிடைக்காது. மேலே சாலைக்குப் போனால் எந்த இடத்தில் சிக்னல் வருகிறது என்று முதல் நாளே கேட்டுவையுங்கள். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108. பெரிய ஆஸ்பத்திரி என்றால் ரிஷிகேஷ் எய்ம்ஸ்.

கிளம்பும் காலை

கூடாரம் இருந்த இடத்தில் ஒருதடவை குனிந்து நடந்து பாருங்கள். பெரிய குப்பையை எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள், தங்கிப்போவது பிஸ்கட் பொட்டலத்தின் கிழித்த மூலை, ஷாம்பு சாஷேயின் வாய், தலைமுடி ரப்பர், மாத்திரை அட்டை. ஒரு பையில் போட்டு நீங்களே ரிஷிகேஷ் வரை கொண்டுபோங்கள், முகாமில் விட்டால் அடுத்த வெள்ளத்தில் அதுவும் ஆற்றுக்குள்தான். ஈர ஜாக்கெட்டுகளைக் கொத்தாகப் போட்டுவிடாமல் வார்களைத் திறந்து கொடியில் விரித்துப் போடுங்கள், மதியம் அடுத்த குழு வந்து போட்டுக்கொள்ளும். கைடுக்குப் பணம் கொடுக்க எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சமையல்காரப் பையன்களுக்குத் தனியாக, அவர்கள் கையிலேயே கொடுங்கள். எங்கள் வீட்டில் ஒருவன் இன்றைக்கு உட்கார்ந்து சாப்பிடுவது அவர்களில் ஒருவன் ஓடிவந்து நீட்டிய மூங்கிலால்தான்.